கருவிழிமேல் கால் வைத்த சதை

கத்தி கடப்பாரை நீளம் இருந்தது. படுத்திருந்த ஜெயகரனுக்கு அப்படித்தான் தெரிந்தது.

வலக்கண்ணில் மூக்கோரமாகக் கிளம்பிய சதை, வௌவால் இறக்கைபோல் விரிந்து கருவிழிமேல் கால் வைத்துவிட்டது. விட்டால் பார்வையையே மூடிவிடும், உரித்தே ஆகவேண்டும் என்று வெள்ளைக்கார டாக்டர் துரை சொல்லிவிட்டார்.

சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்தில் வெடித்திரியைப் பற்றவைத்து, அதே நெருப்பில் சுருட்டையும் பற்றவைத்துக்கொண்டு ஆடி அசைந்து வருகிற ஆள் அவன். இன்று அவன் வியர்த்த வியர்வையில் பேத்தமங்களா ஏரி நிரம்பிக் கோடி போயிருக்கும்.

போதாததற்குக் கூட்டாளி சாம்ராஜ் கதவோரம் நின்று ஓதினான்.

"தொரை கண்ண நோண்டி போத்தல்ல போட்டு சீமைக்கு அனுப்பிடுவாராம். பதிலுக்கு ஆட்டுக் கண்ணு வெச்சித் தைப்பாராம். அப்பால புல்லப் பாத்தா ஒனக்கு வாயூறும்டா."

ஜெயகரனுக்குச் சிரிப்பு வரவில்லை.

போன வாரம் சோதித்தபோது, வலக்கண்ணைப் பொத்தச் சொல்லி விரல்களைக் காட்டினார் துரை. பட்டென்று சரியாகச் சொன்னான். இடக்கண் தங்கம் என்று துரை மெச்சினார்.

இன்று சொட்டு மருந்தில் வலக்கண் மரத்துப்போனது. வலி இல்லை, அதுதான் கொடுமை. இமையைக் கம்பி இழுத்துப் பிடித்திருக்க, கத்தி வருவதை அந்தக் கண்ணாலேயே பார்க்கவேண்டியிருந்தது.

துரையின் கை இம்மியும் அசையவில்லை. ஈரத்தோல் உரிகிற சத்தம். ஜெயகரனின் மண்டைக்குள் மலையே பிளந்தது.

முடிந்தது. கம்பவுண்டர் எட்மண்ட் பஞ்சு வைத்து இறுகக் கட்டினார்.

"சதை அடியோட வந்துடுச்சி. கட்டு அவுக்கிற வரைக்கும் இடக்கண்ணால பாத்துப் போங்க."

ஜெயகரன் எழுந்தான். இடுப்பு வளையப் பெரிய சலாமாகப் போட்டான்.

"டேய், தொரை இந்தாண்ட நிக்கிறாரு. ஆணியில தொங்கற கோட்டுக்கு இன்னாடா சலாம்?"

சாம்ராஜின் சிரிப்பில் ஓடு பறந்தது.

ஜெயகரன் நிமிரவில்லை.

சோதித்த அன்று வலக்கண்ணைப் பொத்திய விரல்களுக்கு நடுவே சின்ன இடுக்கு விட்டிருந்தான். சுரங்கத்தில் கல் தெறித்த நாளிலிருந்து இடக்கண்ணில் பொட்டு வெளிச்சம் கிடையாது. தெரிந்தால் வேலை போய்விடும் என்று சாம்ராஜிடம்கூட மூச்சு விட்டதில்லை.

சிரிப்பு பாதியில் நின்றது.

இம்மியும் அசையாத அந்தக் கையிலிருந்து கத்தி நழுவித் தட்டில் விழும் சத்தம் கேட்டது.