ஹோஜாவின் சிவப்பு மை

"உன்னை மரமண்டைன்னு மட்டும்தானே எழுதினார்? என்னைப் பத்தி என்ன எழுதியிருக்கார் பாரு" என்று கசாப்புக்கடை துர்சுன் தன் ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டைப் பெருமையாக நீட்டினான். பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தான்.

'கணக்கு வராது. கையில் கத்தி வந்தால் பிழைத்துக்கொள்வான்.' சிவப்பு மையில் சாய்ந்த எழுத்து, வரிக் கடைசியில் ஒரு சுழித்த வால்.

ஊர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியார் ரெஃபிக் ஹோஜா காலமாகி அன்று நாற்பதாம் நாள். ஓதி முடித்து, கையில் பன்னீர் தெளித்து, அல்வாவும் கொடுத்தாகிவிட்டது. பழைய மாணவர்கள் ஹோஜா வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து, யாரை அதிகம் திட்டி எழுதினார் என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள். துக்க வீடு என்கிற நினைப்பு ஒருத்தருக்கும் இல்லை.

நாற்பத்தொரு வருஷம் பாடம் நடத்தியவர். வகுப்பில் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. பெஞ்சில் தூங்குகிற பையனை எழுப்பக்கூடத் தயங்குவார். ஆனால் வருஷக் கடைசியில் கார்டு கைக்கு வந்தால் குடும்பமே நடுங்கும்.

"ஆளு பசு, பேனா புலி" என்றான் முடிவெட்டுகிற ஸேக்கி. அவன் கார்டில் 'வாய் ஓயாது. பேச்சுக்குக் கூலி கிடைக்கும் வேலையாகப் பார்க்கவும்' என்று இருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். நகராட்சித் தலைவர் வெஹ்பி மட்டும் அளவாகச் சிரித்தான்.

"தலைவரே, உங்க கார்டு எங்கே?"

"அது எப்பவோ தொலைஞ்சு போச்சுப்பா. ரொம்பப் பாராட்டி எழுதியிருந்தார்."

தொலையவாவது. பதினோரு வயதில் அப்பா கையெழுத்தைத் தானே போட்டு, ஹோஜாவிடம் காட்டிவிட்டு, அன்றைக்கே அடுப்பில் போட்டவன் அவன். அதில் இருந்ததை இந்த நாற்பத்தெட்டு வருஷத்தில் ஒரு உயிருக்கும் சொன்னதில்லை. அப்பா இஸ்ஸத்துக்கு இப்போது தொண்ணூற்றொன்று. மூலையில் உட்கார்ந்து இரண்டாவது தட்டு அல்வாவை ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் வெஹ்பி இன்னும் சிகரெட் பிடிக்க மாட்டான்.

வெஹ்பிக்கு அன்று ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. தேர்தலுக்குள் இந்த வீட்டை ஹோஜா நினைவு இல்லமாக்கித் திறந்துவிட வேண்டும். அதற்கு ஹோஜாவின் மனைவி வீட்டை நகராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, பூர்சாவில் தங்கை மகளோடு போய் இருக்க வேண்டும். ஊரே அந்த அம்மாளை 'ஹோஜா வீட்டம்மா' என்றுதான் கூப்பிடும். பத்திரத்தில் போட குமாஸ்தா பெயர் கேட்டபோது வெஹ்பி திருதிருவென்று விழித்தான். அப்புறம் நாலு பேரை விசாரித்து, முயெஸ்ஸர் என்று தெரிந்துகொண்டான்.

எண்பத்து நாலு வயது முயெஸ்ஸர் அம்மாள் டீத் தட்டோடு வந்தார்.

"அம்மா, ஹோஜா கார்டு எழுதுறப்போ நீங்க பக்கத்துல இருந்து பாத்திருப்பீங்களே" என்றான் துர்சுன்.

"அந்த ஒரு வாரம் வீட்ல அடுப்பே எரியாது. ரொட்டியும் ஆலிவும்தான்."

"எவ்வளவு உழைப்பு" என்று ஸேக்கி உச்சுக் கொட்டினான். "நீங்களும் பாவம், எவ்வளவு பொறுத்துப் போயிருக்கீங்க. இன்னொரு டீ குடுங்கம்மா."

வெஹ்பி தொண்டையைச் செருமினான். "அம்மா, இது ஹோஜா வீடு. ஹோஜா ஊருக்கே சொந்தம். அப்ப வீடும் ஊருக்குத்தானே? நீங்க தனியா இங்கே இருந்து என்ன பண்ணப் போறீங்க?"

"எனக்கு அடுப்படி ஜன்னல் போதும்ப்பா. பள்ளிக்கூட மைதானம் முழுக்கத் தெரியும். எவன் எவனை அடிக்கறான், எவன் எவன் ரொட்டியைப் பிடுங்கறான், எல்லாம் தெரியும். நான் எங்கயும் போகலை."

"அந்த ஜன்னல்லதாம்மா டிக்கெட் கவுண்டர் வைக்கப் போறோம்."

அதற்கு மேல் அந்த அம்மாளை வாய் திறக்க விடவில்லை. கால் மணி நேரம் விடாமல் பேசினான். கல்வி, தியாகம், வருங்காலத் தலைமுறை என்று எதையும் பாக்கி வைக்கவில்லை. முடித்த கையோடு பத்திரத்தை விரித்து, ஹோஜாவின் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து நீட்டினான்.

"ஹோஜா பேனாவாலேயே கையெழுத்து போடுங்கம்மா. இதையும் கண்ணாடிப் பெட்டியில வைக்கணும்."

முயெஸ்ஸர் அம்மாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பேனா மூடியைக் கழற்றி, நிப்பைக் கட்டைவிரல் நகத்தில் ஒரு தட்டு தட்டி, பத்திரத்தின் அடியில் நிதானமாக எழுதினார். பெயர் எழுத அவ்வளவு நேரம் ஆகாது.

வெஹ்பி வாங்கிப் பார்த்தான். சாய்ந்த எழுத்து, வரிக் கடைசியில் ஒரு சுழித்த வால்.

'நன்றாகப் பேசுகிறான். யாரிடம் பேசுகிறோம் என்று பார்ப்பதில்லை.'

அன்றைக்கு அடுப்பில் போட்ட அதே வார்த்தைகள். துர்சுன் எட்டிப் பத்திரத்தைப் பார்த்தான், தன் கார்டைப் பார்த்தான், சத்தம் காட்டாமல் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டான்.

முயெஸ்ஸர் அம்மாள் பேனாவை மூடித் தன் பையில் போட்டுக்கொண்டு, மூலையில் அல்வாவோடு இருந்த இஸ்ஸத்தைக் காட்டினார்.

"இந்தத் தடவையாவது அப்பா கையெழுத்தை அப்பாகிட்டயே வாங்கிட்டு வா."