இரைச்சல் அடங்கும் திசை

முதலில் ஃப்ரிட்ஜை நிறுத்தினார்கள்.

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பாடச் சொல்வதுதான் ஊர் வழக்கம். ஸ்ரீரங்கத்தில் தேசிகன் மாமா வீட்டிலோ மாப்பிள்ளைப் பையனை வாசிக்கச் சொல்லிவிட்டார்கள். பேஸ் கிட்டாரைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று முந்தின நாளே போன் வந்திருந்தது.

ஹ்ருஷிகேஷுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. இதற்கு முன் பார்த்த வீடுகளுக்கெல்லாம் அம்மா அந்தக் கிட்டாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுத்தான் அவனைக் கூட்டிப்போனாள். துவாக்குடியில் நல்ல வேலை, காட்டூரில் சொந்த வீடு, கெட்ட பழக்கம் இது ஒன்றுதான்.

ஸ்ம்ருதியைப் போட்டோவில் பார்த்தபோதே பிடித்துவிட்டது. கிட்டாரோடு வரச் சொன்ன வீடு என்று தெரிந்ததும், கல்யாணம் என்றால் இவளோடுதான் என்று தீர்மானித்துவிட்டான்.

கிட்டார் போன வருஷம் வாங்கியது. பார்த்தால் அறுபது வருஷம் அடிபட்டது போல இருக்கும். அப்படி இருக்க வேண்டும் என்றே தொழிற்சாலையில் பெயிண்டைச் சுரண்டி விற்கிறார்கள். சுரண்டாத கிட்டார் விலை குறைவு.

"செகண்ட் ஹேண்டா?" என்று ஸ்ம்ருதியின் அப்பா தேசிகன் மாமா இரக்கத்தோடு கேட்டார். ஹ்ருஷிகேஷின் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

கிட்டாரின் கழுத்து தடித்துக் கைக்குள் அடங்காது. அதையும் அவன் பெருமையாகவே சொல்லுவான். ஆனால் உயிர் இருப்பது தந்திகளுக்கு அடியில், அவற்றின் அதிர்வைப் பிடிக்கும் சிங்கிள் காயில் பிக்கப்பில். காந்தத்தைச் சுற்றி ஒரே ஒரு கம்பிச் சுருள். விரல் தந்தியில் படுவதும் வழுக்குவதும் தயங்குவதும் அப்படியே கேட்கும், நாதம் கும்மென்று எழும்பும். கூடவே வீட்டில் ஓடும் கரண்டையும் பிடித்துக்கொண்டு, ஒயர் போய்ச் சேரும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியில் 'ம்ம்ம்' என்று இரையும்.

இரண்டு சுருள் போட்டால் அந்த இரைச்சல் போய்விடும். இரைச்சல் போனால் உயிரும் போய்விடும் என்று வாட்ஸப் குழுவில் ஹ்ருஷிகேஷ் போட்ட சண்டையில் பாதிப் பேர் குழுவை விட்டே ஓடியிருக்கிறார்கள்.

இன்று அந்தக் கொள்கையைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு வந்திருந்தான். பெண் வீட்டில் இரையக் கூடாது.

ஃப்ரிட்ஜுக்கு அடுத்து டியூப்லைட், இன்வெர்ட்டர், கடைசியில் ஃபேன். மே மாத மத்தியானம். ஸ்ம்ருதியின் அம்மா அரவிந்தவல்லி சொஜ்ஜித் தட்டோடு வேர்த்து வழிந்துகொண்டு நின்றாள். ஹ்ருஷிகேஷின் அப்பா ஜாதக நகலால் விசிறிக்கொண்டார்.

இரைச்சல் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அது நிற்கும் திசையைப் பொறுத்தது. கிட்டாரை மாட்டிக்கொண்டு ஹ்ருஷிகேஷ் கூடத்தில் அங்குலம் அங்குலமாக நகர்ந்தான். கிழக்கே பார்த்தால் இரைந்தது. வடக்கே பார்த்தால் அதற்கும் மேலே இரைந்தது. பெரியவர்களுக்கு முதுகைக் காட்டி, ஸ்ம்ருதி காத்திருந்த உள்ளறையின் திரைக்கு எதிரே, தெற்கு பார்த்து நின்றதும் சுத்தமாக அடங்கியது.

தெற்கா என்று அவன் அம்மா பதறினாள்.

"நம்ம பெருமாளே தெற்கு பார்த்துண்டுதானே சேவை சாதிக்கிறார்? பேஷா வாசிக்கட்டும்" என்றார் தேசிகன் மாமா.

தந்திமேல் விரலை வைத்தான். அப்படி ஒரு நிசப்தம் அந்தக் கிட்டாருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

அந்த நிசப்தத்தில், திரைக்குப் பின்னால் ஸ்ம்ருதி போனில் பேசுவது கேட்டது.

"வாசிக்கச் சொன்னதே என் ஐடியாதான்டி சுபலட்சுமி. எனக்கு இப்ப கல்யாணம் வேண்டாம்னு அழுதாலும் அப்பா காதுல ஏறல. இதைக் கேட்டா அவரே வேண்டாம்னுடுவார்."

ஹ்ருஷிகேஷுக்கு, ஒளிப்பானேன், அழுகையே வந்தது.

அவளோ நிறுத்துவதாக இல்லை. ஃபேனும் ஃப்ரிட்ஜும் ஓடுகிற வீட்டில் ரகசியம் பேசிப் பழகிய குரல். கூடத்தில் எல்லாம் நின்றுபோனதை அவள் கவனிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் குரல் எழும்பினால் எல்லோருக்கும் கேட்டுவிடும். தேசிகன் மாமா ஏற்கெனவே காதைச் சாய்க்க ஆரம்பித்திருந்தார்.

ஹ்ருஷிகேஷ் வால்யூமை முழுக்கத் திருகினான். தந்தியிலிருந்து கையை எடுத்தான். கையை எடுத்தால் அது இன்னும் இரையும். போதாததற்குச் சட்டென்று வடக்கே திரும்பிப் பெரியவர்களைப் பார்த்து நின்றான்.

வீடே 'ம்ம்ம்ம்' என்று இரைந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. அரவிந்தவல்லியின் தட்டில் ஸ்பூன்கள் கிடுகிடுத்தன. உள்ளே பேச்சு நின்றது.

ஒரு ஸ்வரம்கூட அவன் வாசிக்கவில்லை. தேசிகன் மாமா கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தலையை ஆட்டினார்.

"ஆஹா! தம்பூரா தோத்துடும். இதன்னா ஸ்ருதி!" கண்ணைத் திறந்தபோது ஈரமாக இருந்தது. "எங்களுக்குப் பூர்ண சம்மதம். நீங்கதான் சொல்லணும், மாப்பிள்ளை."

ஹ்ருஷிகேஷ் திரும்பிப் பார்த்தான். திரை விலகியிருந்தது. போட்டோவில் இருந்ததைவிட அழகாக இருந்தாள். போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வெளிறிப்போய் நின்றாள்.

வேண்டாம் என்பதைப் பிள்ளை வீட்டார் எப்படிச் சொல்லுவார்கள் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவன் வால்யூமைக் குறைத்தான்.

"ஆத்துக்குப் போய்க் கலந்து பேசிட்டுச் சொல்றோம், மாமா."