முகம் காட்டாத பேய்

“படம் பூரா பேயோட அங்கி விளிம்பையே காட்டிக்கிட்டு இருந்தா எப்படிம்மா? மூஞ்சி எங்க?”

துறைத் தலைவர்தான் கேட்டார். கல்லூரியின் சின்னத் திரையரங்கில் விளக்கு எரிந்து, கைதட்டல்கூட இன்னும் ஓயவில்லை. அதற்குள் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

எதிரே நின்றவள் இறுதியாண்டு மாணவி, இந்தப் பேய்ப் படத்தின் டைரக்டர். வகுப்பில் அவளுக்கு ‘கறார்’ என்று பெயர். ஒரு ஷாட் மனசுக்குச் சரியாக வரவில்லை என்றால், யார் கெஞ்சினாலும் அடுத்ததற்கு நகர மாட்டாள்.

“வேணும்னேதான் சார் காட்டல.”

பேய்ப் படம் எடுத்தவளுக்குத் துறைத் தலைவரைக் கண்டா பயம்?

வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்குப் படம் தேர்வு செய்ய வந்திருந்த சினிமா எடிட்டர் குறுக்கிட்டார். லேசில் யாரையும் பாராட்டாத மனிதர்.

“நான் வெட்டி ஒட்டாத பேயா? ஆனா அந்தப் படுக்கையறை சீன்ல நானே கால மடக்கி சீட்டு மேல வெச்சுக்கிட்டேன். கட்டிலுக்கு அடியில கேமராவ வெச்சு, அங்கி தரையில இழுபட்டு வர்றத மட்டும் காட்டினே பாரு! அப்புறம் கதவிடுக்குல கையுறை போட்ட விரல், ஒவ்வொண்ணா... ஆமா, அங்கிய ஏன் அவ்வளவு நீளமா தைச்சே?”

“கால் தெரிஞ்சா ஆள் நடக்குதுன்னு தெரிஞ்சிடும் சார். தெரியலன்னா மிதக்குற மாதிரி இருக்கும். துணியும் கனமான துணி. முதல்ல ஆள் திரும்பும், அப்புறந்தான் துணி திரும்பும்.”

“பலே!” எடிட்டர் தொடையில் தட்டினார்.

கறாருக்குப் பெருமை தாங்கவில்லை. முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள். உதடு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

“அதெல்லாம் சரி,” தலைவர் விடுவதாக இல்லை. “கடைசியில பேய் முக்காட்டுல கைய வைக்குது. கூட்டமே சீட் நுனிக்கு வந்தாச்சு. நீ என்ன பண்றே? டபக்குனு இருட்டாக்கிப் படத்த முடிச்சுட்டே. இது ஏமாத்து வேலை இல்லையா?”

“அதுல எனக்கும் வருத்தம்தாம்மா,” என்றார் எடிட்டர். “அந்த இடத்துல ஒரே ஒரு க்ளோசப் இருந்தா, இந்தப் படத்த வெளிநாட்டு விழாவுக்குக் கண்ண மூடிக்கிட்டு அனுப்பலாம்.”

“காதுல விழுந்துதா?” தலைவர் பிடித்துக்கொண்டார். “வாரக் கடைசிக்குள்ள க்ளோசப் எடுத்துச் சேர்த்துடு. இல்லேன்னா உன் கிளாஸ் பையன் எடுத்த அந்த ஆளில்லாத பஸ் படத்த அனுப்பிடுவேன்.”

வெளிநாட்டு விழாவில் தன் படம் ஓட வேண்டும் என்பது, கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கண்ட கனவு. கல்லூரியிலிருந்து ஒரு படம்தான் போகும். அது இப்போது கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“முடியாது சார்.”

“என்ன முடியாது?”

“க்ளோசப் எடுக்க மாட்டேன் சார். படம் இப்படியேதான் இருக்கும்.”

“பார்த்தீங்களா எடிட்டர் சார்? நாலு பேர் கைதட்டினதும் தலைக்கனம்! மேக்கப் சரியா வரலேன்னா அதைச் சொல்லிட்டுப் போயேன். இதுக்கு எதுக்கு இந்த வீராப்பு?”

“மேக்கப்பே போடல சார்.”

“மேக்கப் இல்லாம பேயா?” தலைவர் தலையில் அடித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற கேமராமேன் மாணவன், அவிழாத ஷூ லேஸைக் கட்டக் குனிந்துகொண்டான்.

எடிட்டர் சமாதானத்துக்கு வந்தார். “சரி, பேயா நடிச்ச பொண்ணயாவது கண்ணுல காட்டும்மா. என்ன நடை! என்ன மாதிரி தோளத் திருப்புறா! யாரு அது?”

“என் ஹாஸ்டல் ரூம்மேட் சார். கணக்குப் பாடம் படிக்கிறா.” பின்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏய், வாடி இங்க!”

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, சிரித்துக்கொண்டே வந்தாள்.

“வணக்கம் சார். பேய் நான்தான்.”

விளக்கடியில் வந்து நின்றாள். நெற்றியிலிருந்து கழுத்து வரை இடது பக்கம் முழுக்கத் தீத்தழும்பு. சின்ன வயதில் நேர்ந்த விபத்து. ஒரு கண்ணிமை பாதிதான் திறந்திருந்தது.

தலைவர் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் திண்டாடினார்.

“நான் அப்பவே சொன்னேன் சார்,” என்றாள் அவள். “க்ளோசப் வெச்சுக்கோடி, மேக்கப் வேலையே இல்ல, பரிசு நிச்சயம்னேன். சண்டைக்கு வந்துட்டா. அன்னிக்கு முழுக்க எங்கூடப் பேசவே இல்ல.”

“பின்ன?” கறாரின் குரல் அப்போதுதான் முதல்முறையாக உயர்ந்தது. “ஜனங்க என் கேமராவப் பார்த்துப் பயப்படட்டும். நான் தைச்ச அங்கியப் பார்த்துப் பயப்படட்டும். இவ முகத்தப் பார்த்து எவனும் பயப்படக்கூடாது. அப்படித்தான் விழாவுக்குப் போகணும்னா எனக்கு வேண்டாம். அந்த பஸ் படத்தையே அனுப்பிக்குங்க சார்.”

ரூம்மேட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எடிட்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“இந்தப் படத்துல இனி ஒரு ஷாட்டும் சேர்க்க வேண்டாம் சார். இப்படியே போகட்டும்,” என்றார் தலைவரிடம். பிறகு கறாரின் பக்கம் திரும்பினார். “ஆனாலும் இவ்வளவு அழகா நடிச்ச பொண்ணு. இவ முகம் திரையில வராமலே போயிடுச்சேம்மா?”

“வரும் சார். அடுத்த படத்துல.”

“அது என்ன பேய்?”

“பேயெல்லாம் இல்ல சார். காதல் கதை. இவதான் ஹீரோயின். படம் பூரா க்ளோசப்!”