தெளிந்த முகம்

"யாரு நிறுத்தச் சொன்னது?"

மருத்துவர் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "யாரும் சொல்லல சார். நானாத்தான் நிறுத்துனேன்."

அவனைப் பெற்றவள் பக்கத்து நாற்காலியில் இருந்தாள். புடவைக்கு அடியில், இடப்பக்க விலாவை ஒட்டிய தழும்பு அரித்தது. அவ்வழியே எடுத்த சிறுநீரகத்தைத்தான் அவன் வயிற்றில் வைத்துத் தைத்திருந்தார்கள்.

அது செத்துவிட்டது.

செத்ததை வெளியே எடுக்கமாட்டார்களாம். அங்கேயே சுருங்கிக் கிடக்குமாம்.

உயிரோடிருந்தவரை அதற்கு மாத்திரைகள் வேண்டியிருந்தன. வேளை தவறினால் உடல் அதை அந்நியமென்று கொன்றுவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அந்த மாத்திரைகள் அவன் முகத்தை ஊதவைத்தன. கன்னங்கள் உப்பின, கண்கள் உள்ளே போயின. கல்யாணத் தரகர் கொண்டுபோன படம் இரண்டு வீடுகளிலிருந்து திரும்பி வந்தது. மூன்றாவது வீட்டில் வாய்விட்டே கேட்டார்கள்: மாப்பிள்ளைக்கு என்ன வியாதி?

அன்று அவள்தான் மாத்திரை டப்பாவை பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

"வேற படம் எடுக்குற வரைக்கும் வேணாம்டா. பெத்தவ கிட்னி பிள்ளைய என்ன செஞ்சிரும்? ஊரான் வீட்டுதா அது?"

அவன் நம்பினான்.

அவளும் நம்பினாள்.

முகம் வற்றியது. படம் நன்றாக வந்தது. அதை வாங்கிவரக் கிளம்பியபோது அவனுடைய வீங்கிய கால்கள் செருப்புக்குள் நுழையவில்லை.

இப்போது இயந்திரம் அவன் இரத்தத்தைச் சுத்தம் செய்கிறது. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் மெலிந்து எழுந்து வருகிறான். அன்று தன் சொல்லைக் கேட்டதற்கு வருந்துகிறானா என்று அவள் கேட்டதில்லை.

மருத்துவர் பேனாவை மேசைமேல் வைத்தார்.

"தானா நிறுத்துனவன் மறுபடியும் நிறுத்துவான்மா. வீட்டுல யாராவது விவரம் இல்லாம சொல்லி, அதக் கேட்டிருந்தான்னா அது வேற. அவங்களக் கூப்பிட்டுப் புரிய வச்சுட்டு மேல யோசிக்கலாம். இப்ப உங்க பொண்ணோடதையும் எடுத்து, எத நம்பி இவனுக்கு வைக்கிறது?"

மகள் ஜெயசுதா கதவோரம் நின்றிருந்தாள். தம்பிக்குத் தருவதற்காகக் கணவனோடு மல்லுக்கட்டி, சம்மதம் வாங்கி வந்திருந்தவள்.

"நீ பக்கத்துலயே இருந்தியேம்மா. உனக்குத் தெரியாம எப்படி நிறுத்துனான்?"

அம்மா சிறுநீரகம் கொடுத்த ஆண்டு, மகளிர் தினத்தன்று, குடியிருப்புச் சங்கத்தார் அவளுக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். ஒரு பிள்ளையை இரண்டு முறை பெற்றவள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். இன்றும் கடைக்குப் போனால் எழுந்து இடம் தருகிறார்கள்.

பீரோவில் அந்தப் பொன்னாடைக்கு அடியில்தான் டப்பாவை வைத்திருந்தாள்.

"நீங்க சொல்லுங்கம்மா," என்றார் மருத்துவர். "உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

அதுவரை ஆடிக்கொண்டிருந்த அவனுடைய முழங்கால் நின்றது.

மின்விசிறி சுற்றியது.

அவள் வாய் திறந்தாள்.

"நல்லா உறைக்கிற மாதிரி கேளுங்க சார். நான் குடுத்ததோட அருமை இவனுக்குத் தெரியல."

மருத்துவர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார்.

ஜெயசுதா ஓடிவந்து அம்மாவின் தோளை அணைத்துக்கொண்டாள். பெற்றவள் அதற்கு இடம் கொடுத்தாள்.

அவன் அப்போதுதான் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தான்.

ஒட்டிய கன்னங்கள். எடுப்பான மூக்கு. அகன்ற கண்கள்.

இந்த முகத்துக்குத்தான் அவள் ஆசைப்பட்டாள்.