திருக்கையின் தாடை

பால் இருந்தது. அதுதான் கொடுமை.

நைட்டி நெஞ்சோடு நனைந்து ஒட்டியிருந்தது. பிள்ளைதான் குடிக்கவில்லை. வாயில் வைத்தால் இரண்டு தரம் சப்பும். தாடை துவண்டுவிடும். தூங்கிப்போகும்.

நாளைக்கும் எடை ஏறாவிட்டால் மூக்கில் குழாய் வைக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

அவளால் உட்கார முடியவில்லை. படுக்கவும் முடியவில்லை. கட்டிலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள்.

அடுப்படியில் மாமியார் ரெஜினா திருக்கை மீன் அறுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உரித்த பூண்டு ஒரு குவியல். பிள்ளை பெற்றவளுக்குத் திருக்கைப் புட்டு.

"நல்லா பால் ஊறட்டும். பிள்ள தானா குடிச்சிரும்."

"பால் இருக்கு மாமி. தாடையிலதான் வலு இல்ல."

"பச்சப்பிள்ளைக்குத் தாடையில என்னளா வலு?"

எரிச்சலாக வந்தது. கல்லூரி ஆய்வகத்தில் வருடக்கணக்காகத் திருக்கைத் தலைகளையே அறுத்தவள் அவள். தாடையை இறுக்கும் தசை எது, இறக்கும் தசை எது, கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சொல்லி என்ன? பெற்ற பிள்ளையின் வாயை அசைக்கத் துப்பில்லை.

மாமியார் தலையைத் துண்டாக்கி, காக்கைக்கு வீசக் கையை ஓங்கினார்.

"போடாதீங்க!"

வாங்கி மல்லாத்தினாள். திருக்கைக்கு வாய் அடிப்பக்கம். அதன் தாடை மண்டையோடு ஒட்டியிருக்காது, தொங்கும். தசை இழுத்தால்தான் வாய் நீண்டு மணலில் கிடக்கும் இரையை உறிஞ்சும். இழுக்க ஆளில்லாத தாடை இப்போது தொளதொளவென்று கிடந்தது.

கன்னங்களைப் பிடித்தாள். தாடைக்கு அடியில் ஒரு விரலைக் கொடுத்தாள்.

நின்றது.

விரலை எடுத்தாள். விழுந்தது. மறுபடியும் கொடுத்தாள்.

"ஏளா, செத்த மீனுக்கா பால் குடுக்கப் போற?"

சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்தாள். வாடை போகவில்லை. கிடக்கட்டும்.

பிள்ளையை மடியில் போட்டு மார்பில் சேர்த்தாள். இரண்டு விரல் கன்னங்களில். ஒரு விரல் தாடைக்கு அடியில். பயமாக இருந்தது.

ஒரு சப்பு. இன்னொன்று.

துவளும் இடம் வந்தது. விரல் தாங்கியது.

இன்னொன்று.

வலித்தது. சுள்ளென்று வலித்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. பிள்ளையின் தொண்டையில் மடக்கென்று ஒரு சத்தம்.

"இப்பவாவது அந்தத் தலைய எறிஞ்சிரட்டா?" அடுப்படியிலிருந்து மாமியார் கேட்டார்.

மறுபடியும் ஒரு மடக்கு. அவள் விரலை அசைக்கவில்லை.