சந்தனம்மாளின் முழங்கை

"அந்த ஒரு பொம்மைய மட்டும் எடுத்துரு பவானி. சந்தனம் மதினி வந்துட்டிருக்காக."

முத்துப்பேச்சி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பண்ணைப்புரம் சமுதாயக்கூடத்துக்குள் ஒரு பழைய ஜீப்பின் பின்பாதி. ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் பெண்களின் பழைய சேலை, முழுக்கைச் சட்டைகளில் பஞ்சை அடைத்து, உடம்பு உடம்பாக அதில் நெருக்கி உட்காரவைத்திருந்தாள் ஓவியக் கல்லூரி முடித்த மகள்.

எல்லாம் ஒடுங்கிய உடம்புகள். ஒன்று மட்டும் தொடையை அகட்டி, கதவுப் பக்கம் முழங்கையை நீட்டி, இரண்டு ஆள் இடத்தைப் பிடித்திருந்தது. அதன் முதுகுக்குப் பின்னால் நசுங்கிக் கிடந்த சின்ன உருவம், பள்ளிக்கூட லீவுக்கு வேலைக்குப் போன பவானி.

"எடுக்க மாட்டேன்மா. மூச்சுமுட்ட உக்காந்து வந்தவ நான். தள்ளி உக்காருங்கத்தேன்னா என்னைக்காவது கேட்டாகளா?"

"நீ நாளைக்குச் சென்னைக்குப் போயிருவ. அதே ஜீப்புல நான்தான போகணும்? அவுக ஒரு வார்த்த சொன்னா என்னைய எவளும் ஏத்த மாட்டா."

சந்தனம்மாள் உள்ளே வந்துவிட்டாள். கூட வந்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏ சந்தனம், ஒன்னைய அப்படியே உரிச்சு வச்சிருக்கா பாரு. ஜீப்பையே ஒம்பேர்ல எழுதி வாங்குன மாதிரி."

சந்தனம்மாள் சிரிக்கவில்லை. பொம்மையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அம்மா தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"எனக்கு அந்தப் பக்கம், கதவோரத்துல கங்காணி உக்காந்து வருவானே. அவன எங்க ஆத்தா?"

"பொம்பளைக மட்டும் போதும்னு விட்டுட்டேன் அத்தே."

"அவன வச்சிருந்தாத்தான வெளங்கும்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திக்கொண்டார்கள்.

சந்தனம்மாள் தன் வளையலில் தொங்கிய ஊக்கு ஒன்றைக் கழற்றினாள். பொம்மையின் சட்டைக்கைக்கு உள்ளிருந்து, முழங்கை முனையில், கூர் வெளியே தெரியும்படி குத்தினாள். அது கதவோரத்துக் காலியிடத்தைப் பார்த்து நின்றது.

"இத விட்டுட்டியே" என்றாள் பவானியிடம். "நீ பெரியமனுசியாகி மொதமொத ஜீப்புல ஏறுனயே, அன்னைக்குக் குத்துனது."