நாற்பது சீட்டுகள்

குற்றவியல் பேராசிரியை அருள்மொழி பல ஆண்டுகளாகக் காவலர்களுக்குச் சமத்துவப் பயிற்சி நடத்திவந்தாள். அன்று பெயரில்லாமல் எழுதி வாங்கிய நாற்பது சீட்டுகளில் முப்பத்தொன்பதில் “குறை ஏதுமில்லை”. ஒன்றில் மட்டும், “ஸ்டேஷனில் எனக்குத் தனி டம்ளர்.”

“சீட்டையெல்லாம் குடுத்துட்டுப் போங்க மேடம், ஃபைல்ல வைக்கணும்” என்றார் இன்ஸ்பெக்டர். அவர் கையில் காவலர்கள் கைப்பட எழுதும் டூட்டி நோட்டு இருந்தது. அருள்மொழிக்குப் பொறி தட்டியது. அரைமணி அவகாசம் கேட்டு, தனியறையில் உட்கார்ந்து நாற்பதையும் தன் கையாலேயே திரும்ப எழுதினாள். பழையவற்றைக் கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

இன்ஸ்பெக்டர் புரட்டிப் பார்த்தார். “எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே?”

“என்னோடதுதான் சார்.”

டம்ளர் சீட்டை மட்டும் தனியே எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மிகப் பணிவாகக் கேட்டார்: “மேடத்துக்குச் சொந்த ஊரு எது?”